இரண்டு விரல் அகல இரும்பு: 1967 கார்வெட் கன்வெர்ட்டிபிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"1967 செவர்லே கார்வெட் ஸ்டிங் ரே கன்வெர்ட்டிபிள். 427 கன அங்குல எஞ்சின், 435 குதிரைத்திறன், நாலு கியர். குட்வுட் கிரீன் நிறம், உள்ளே கறுப்பு. பாடியைக் கழற்றி முழுதாகப் புதுப்பித்தது. நம்பர்கள் எல்லாம் ஒத்துப்போகும்."

அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்களுக்கு இந்த நாலு வரி போதும், விலை தானாக ஏறிவிடும். ஏற்றிவிடுவது பெயின்ட் அல்ல, கடைசி வாக்கியம். எஞ்சினும் கியர்பாக்ஸும் அந்த வண்டியோடு பிறந்தவைதான் என்று அது சொல்கிறது. அந்த வாக்கியமோ எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், இரண்டு விரல் அகலத்துக்கு இழைத்துவிட்ட ஓர் இரும்புத் தளத்தின் மேல் நிற்கிறது. இங்கே எடுத்துக்கொண்ட வண்டி யாரோ ஒருவருடையது அல்ல. இந்த மாடலில் திரும்பத் திரும்பக் காணும் கோளாறுகளை ஒரே வண்டியின் மேல் ஏற்றிப் பார்க்கும் மாதிரி வழக்கு இது. தேதிகளையும் அளவுகளையும் அதற்கேற்பவே வைத்திருக்கிறோம். அவற்றைப் படிக்கும் முறை எந்த 1967 கார்வெட்டுக்கும் பொருந்தும்.

ஏன் இந்த வருடம், ஏன் இந்த எஞ்சின்

இரண்டாம் தலைமுறைக் கார்வெட் 1963 முதல் 1967 வரை மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் ஆலையில் கட்டப்பட்டது. அடுத்த உருவம் 1967இலேயே வந்திருக்க வேண்டும். வேலை முடியாமல் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதனால் பழைய உருவமே இன்னொரு வருடம் ஓடியது. ஆலைக்கு அது சங்கடம், சேகரிப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். முன் ஃபெண்டரில் ஐந்து செதிள் வெட்டு, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒற்றை ரிவர்ஸ் விளக்கு, இரு சீட்டுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் என்று 1967ஐத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். அந்த வருடம் 22,940 வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் 14,436 கன்வெர்ட்டிபிள்.

கன்வெர்ட்டிபிளின் அடிப்படை விலை 4,240.75 டாலர். அதற்கு 327 கன அங்குல, 300 குதிரைத்திறன் எஞ்சின் வரும். கூடுதலாக 437.10 டாலர் கொடுத்தவருக்கு எல்71 என்ற 427 எஞ்சின்: மூன்று ஹோலி கார்புரேட்டர், 11:1 கம்ப்ரஷன், சாலிட் லிஃப்டர் (வால்வைத் தள்ளும் திடமான தண்டு), 5,800 ஆர்பிஎம்மில் 435 குதிரைத்திறன். அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் 3,754 பேர். அன்று நானூற்றுச் சொச்சம் டாலராக இருந்த வித்தியாசம் இன்று பல மடங்கு. போலி புகுவதற்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமா?

வாசலைத் திறந்து வைத்ததும் செவர்லேதான். வண்டி எண்ணைப் பாருங்கள்: 194677எஸ், பிறகு ஆறு இலக்கம். 1 என்றால் செவர்லே, 94 கார்வெட், 67 கன்வெர்ட்டிபிள் பாடி (கூப்பேக்கு 37), 7 மாடல் வருடம், எஸ் செயின்ட் லூயிஸ். வரிசை எண் 100001இல் தொடங்குகிறது. எஞ்சினைப் பற்றி ஒரு எழுத்துகூடக் கிடையாது. 300 குதிரைத்திறன் வண்டிக்கும் 435க்கும் ஒரே பாணி எண்தான்.

நம்பர்களின் சங்கிலி

வண்டி எண் தகடு குளோவ் பாக்ஸுக்குக் கீழே, டேஷ்போர்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் இருக்கும். பக்கத்திலேயே டிரிம் தகடு: பெயின்ட் எண், உள்வேலை எண், பாடி கட்டிய தேதி. இந்த வண்டியில் பெயின்ட் எண் 983, அதாவது குட்வுட் கிரீன். உள்வேலை கறுப்பு வினைல். தேதி ஏப்ரல் கடைசி வாரம். பாடி எண்ணின் முன்னெழுத்து ஏ என்பதால் மிச்சிகனில் அயோனியா ஊரில் ஏ.ஓ. ஸ்மித் நிறுவனம் செய்த பாடி என்று தெரிகிறது. எஸ் என்றிருந்தால் செயின்ட் லூயிஸிலேயே செய்தது. ரிவெட்டுகளைச் சுற்றிக் கீறல் இல்லை. இதுவரை சரி.

கியர்பாக்ஸ் அடுத்தது. பி7டி05 என்று முத்திரை: மன்சி கியர்பாக்ஸ் ஆலை, 1967, ஏப்ரல் 5. பக்கத்தில் வண்டியின் வரிசை எண்ணும் அடித்திருக்கிறது, தகட்டோடு ஒத்துப்போகிறது. பாடியை இறக்கிய சமயத்தில் எடுத்த படங்களில், ஃபிரேமின் இடது நீளச் சட்டம் பின்சக்கரத்துக்கு முன்னால் மேலே வளையும் இடத்தில் அதே எண் தெரிகிறது. பாடி, ஃபிரேம், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே நாளில் கூடிப் பிறந்தவை என்பதில் சந்தேகம் இல்லை.

இனி அந்த இரண்டு விரல் அகலம். அதைத் துடைப்பதற்கே ஒரு முறை உண்டு. கார்புரேட்டர் கிளீனரில் நனைத்த பருத்தித் துணி மட்டும் போதும். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கூடாது. பார்க்க வேண்டிய சாட்சியே மேற்பரப்பின் நுண்கோடுகள்தான், தேய்த்துவிட்டால் போச்சு. பிறகு டார்ச்சைத் தளத்தோடு தளமாகச் சாய்த்துப் பிடித்தால், ஆலையில் பிரோச் இயந்திரம் இழைத்த கோடுகள் முன்னிருந்து பின்னாக, மயிரிழைபோல் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் அமுங்கியிருக்க வேண்டும்.

இந்தத் தளத்தில் டி0418ஜேஇ என்றிருக்கிறது. டி டோனவாண்டா எஞ்சின் ஆலை, 0418 ஏப்ரல் 18, ஜேஇ நாலு கியருக்கான 435 குதிரைத்திறன் எஞ்சின். கூடவே வண்டியின் வரிசை எண். வாசகம் அப்பழுக்கில்லை. ஆனால் தளத்தில் நேர்கோடுகள் இல்லை. வட்டவட்டமாகச் சுழித்த மில்லிங் தடம் இருக்கிறது. இரண்டு வரி எழுத்தும் ஒரே ஆழம், ஒரே சாய்வு. நிஜத்தில் முதல் வரி நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவில் அடிக்கப்படும். வரிசை எண் செயின்ட் லூயிஸில், வேறு அச்சால், வேறு கையால். இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போவதே கோளாறு.

இதற்கு விற்பவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "எஞ்சினை ரீபில்ட் செய்தபோது டெக்கைச் சீவினோம், அழிந்த நம்பரையே திரும்ப அடித்தோம்." பதிலில் பாதி நியாயமும் இருக்கிறது. ஹெட் உட்காரும் முகம் கோணியிருந்தால் சீவத்தான் வேண்டும், அப்போது இந்தத் தளமும் சேர்ந்து போகும். ஆகவே தளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம்.

தீர்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. பிளாக்கை வார்க்கும்போதே உருவாகும் எண்கள் புடைத்து நிற்கும். அவற்றைச் சீவி அழித்து மாற்றுவது எளிதல்ல. பின்பக்க விளிம்பில் 3904351 என்ற வார்ப்பு எண்: 1967இன் 427க்கு உரியதுதான். பக்கவாட்டில், ஸ்டார்ட்டர் அருகில், வார்ப்புத் தேதி: இ 9 7. ஏ ஜனவரி என்று எண்ணிக்கொண்டு வந்தால் இ என்பது மே. 1967 மே 9.

ஏப்ரல் 18இல் பூட்டப்பட்டதாகச் சொல்லும் எஞ்சின், மே 9இல்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. பெண் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பே கல்யாணம்! வார்ப்பு முதலில், எஞ்சின் பூட்டுவது அடுத்து, வண்டி கடைசி என்ற வரிசை எந்த ரீபில்டிலும் மாறாது. இது இந்த வண்டியோடு பிறந்த பிளாக் அல்ல.

அப்படியானால் பிறந்தபோது எந்த எஞ்சின் இருந்தது? அதைச் சொல்லக்கூடிய காகிதம் ஒன்று பெட்ரோல் டாங்கின் மேல்முகத்தில் ஒட்டியிருக்கும். அந்த வண்டிக்குரிய ஆப்ஷன் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். டாங்கை இறக்கினால்தான் கண்ணில் படும். இந்த வண்டியில் டாங்க் புதிது, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வாரண்டி புத்தகத்தோடு வரும் சிறிய உலோகத் தகடும் இல்லை. ஆனாலும் ஒரு துப்பு மிச்சம் இருக்கிறது. எல்71க்கு டிரான்சிஸ்டர் இக்னிஷன் கட்டாயமாக வரும். அதன் ஆம்ப்ளிஃபயர் பெட்டி வண்டியின் முன் இடது மூலையில் திருகப்பட்டிருக்கும். இங்கே பெட்டி இருக்கிறது. திருகு ஓட்டைகளின் உள்விளிம்பில் பெயின்ட் இல்லை, கண்ணாடி நார் பச்சையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. பெயின்ட் அடித்த பிறகு துளைத்தவை. ஆக, எஞ்சின் மட்டும் மாறவில்லை. எல்71ஆக இல்லாத வண்டியை எல்71ஆக வேடம் கட்டியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

பெயின்ட்டுக்குக் கீழே

ஆச்சரியம் என்னவென்றால், நம்பரில் தோற்ற வண்டி எலும்பில் ஓரளவு தேறியது. ஓட்டுவதற்காக வாங்குபவர் இந்தப் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

கார்வெட்டின் மேல்தோல் ஃபைபர்கிளாஸ். டிங்கரிங் என்ற பேச்சே இல்லை. தட்டி எடுக்கத் தகடு கிடையாது. துருப்பிடிக்காத கார் என்று பலர் ஏமாறுவதும் இதனால்தான். தோலுக்குள்ளே விண்ட்ஷீல்ட், கதவுத் தூண்கள், தரையோரம் எல்லாவற்றையும் கோக்கும் ஓர் எஃகுக் கூடு இருக்கிறது. தொழிலில் அதற்குப் 'பறவைக்கூண்டு' என்று பெயர். விண்ட்ஷீல்ட் ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் கீழ்மூலைகளில் தங்கி, கீல் தூணின் அடியைத் தின்னும். வெளியே கண்ணாடிபோல் பெயின்ட் மின்னும். உள்ளே தூண் பொறைபோல் உதிரும். அதை மாற்றுவதென்றால் தோலையே வெட்டிப் பிரிக்க வேண்டும். பெயின்ட் செலவெல்லாம் அதன் முன் தூசு.

பார்க்கும் வழி எளிது. கால் வைக்கும் இடத்தின் இரு பக்கப் பலகைகளையும் கழற்றி, டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துத் தூணின் அடியைப் பாருங்கள். கூரான குத்தூசியால் அழுத்துங்கள். நல்ல எஃகு ஊசியைத் திருப்பித் தள்ளும். கதவு இடைவெளியும் பேசும்: கூரை இல்லாத பாடி நடுவில் தொய்ந்தால், கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலே குறுகி அடியில் அகலும். இந்த வண்டியில் இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறது, தூண்களிலும் மேல்துருதான்.

ஃபிரேமில் கதை வேறு. பின்சக்கரத்துக்கு முன்னால் சட்டம் மேலே வளையும் இடம் உள்ளே குழல். பனிநாட்டுச் சாலை உப்பும் சேறும் அங்கே போய் உட்கார்ந்தால் வெளியே வராது. அழுகுவது உள்ளிருந்து. சிறு சுத்தியால் தட்டினால் கனமான எஃகு கணீரென்னும், மெலிந்தது டொக்கென்னும். இடது பக்கம் கணீர். வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு டொக். கறுப்பு அண்டர்கோட்டைச் சுரண்டினால் மேலே வைத்து வெல்டு அடித்த ஒட்டுத் தகடு. 'முழுதாகப் புதுப்பித்தது' என்ற சொல்லுக்கு இது பொருந்தாது. மெலிந்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் வளைவுத் துண்டு வைத்து, ஃபிரேமை அளவு மாறாமல் பிடிக்கும் ஜிக்கில் பூட்டி வெல்டு அடிப்பதுதான் வேலை.

பெயின்ட்டின் கனத்தை அளக்கச் சாதாரண மீட்டரைக் கொண்டுபோவது வீண், காந்தத்தால் அளப்பது ஃபைபர்கிளாஸில் எதையும் காட்டாது. அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும். அது இல்லாவிட்டாலும் ஃபெண்டரின் உள்முகத்தைக் கையால் தடவினால் போதும். ஆலையில் அச்சில் அழுத்திச் செய்த பலகை இரு பக்கமும் வழவழப்பு; கையால் நார் போட்டு ரெசின் பூசிச் செய்த மாற்றுப் பலகை உள்ளே சொரசொரக்கும். பலகைகள் சேருமிடத்தில் அடியில் ஒட்டுப்பட்டைகளும் இருக்க வேண்டும். இங்கே இடது முன் ஃபெண்டர் சொரசொர. எப்போதோ வாங்கிய அடி. வேலை சுத்தமாகத்தான் நடந்திருக்கிறது, விளம்பரத்தில் சொல்லியிருக்கலாம்.

வண்டியை ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஒட்டுக்கோடுகளில் உள்ள பசையும் பலகையும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஃபெண்டரின் மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய வரி எழும். பொடிப்பொடிக் கொப்புளம் தெரிந்தால், பழைய பெயின்ட்டைக் கரைக்கப் போட்ட ரசாயனம் நாருக்குள் இறங்கி, ஆறவிடாமல் மேலே பூசிவிட்டார்கள் என்று பொருள். அதற்கு மருந்து கிடையாது, சுரண்டி எடுத்து மறுபடி பூசுவதுதான். இந்த வண்டியில் வரி லேசாக உண்டு, கொப்புளம் இல்லை. மேலே இருப்பது இன்றைய பேஸ்கோட்–கிளியர்கோட். 1967இல் அடித்தது அக்ரிலிக் லாக்கர். 1974இல் தொடங்கிய தேசியக் கார்வெட் புதுப்பிப்போர் சங்கம், வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறது. டாப் ஃப்ளைட் விருதுக்கு 94 சதவீதம் வேண்டும். அவர்கள் முன்னால் இந்தப் பளபளப்புக்குப் புள்ளி குறையும். லாக்கரோ சில வருடத்தில் வெடிப்பு விடும், வெளியே எடுத்து ஓட்டுகிறவருக்கு இதுவே நல்லது.

சக்கரமும் பிரேக்கும்

நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், டிஸ்க்கைக் கவ்வும் காலிபர் ஒவ்வொன்றிலும் நாலு பிஸ்டன். 1965லேயே இது வந்துவிட்டது. 1967இல் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறையாயிற்று. குறை எங்கே என்றால், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், நின்றே கிடக்கும் வண்டியில் காலிபர் துளைகள் குழி விழும். துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போட்ட காலிபர் என்று ரசீது இருக்கிறது, சரி. ஆனாலும் ஓட்டிப் பார்த்தபோது பெடல் முதலில் கல்லாக நின்றது. பதினைந்து நிமிடம் நெடுஞ்சாலையில் போய்த் திரும்பியதும் பாதி தூரம் இறங்கியது. கசிவு எங்கும் இல்லை.

கார்வெட்டின் பிரசித்தி பெற்ற கோளாறு இது. ஆலையில் டிஸ்க்கை ஹப்போடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்தார்கள். பிற்பாடு ரிவெட்டை உடைத்துப் புது டிஸ்க் மாட்டுகிறவர் கோணலை அளக்காமல் விட்டால், டிஸ்க் சுழலச் சுழல பிஸ்டன்களை உள்ளே வெளியே ஆட்டும். உதட்டு சீல் வழியாகக் காற்று உறிஞ்சப்படும். எத்தனை தடவை பிளீட் செய்து காற்றை வெளியேற்றினாலும் மறுவாரம் அதே பெடல். டயல் இண்டிகேட்டரை வைத்தால் முன் இடது டிஸ்க் 0.009 அங்குலம் ஆடுகிறது; 0.005க்கு மேல் போகக் கூடாது, 0.003க்குள் இருந்தால் நிம்மதி. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் சாய்வு ஷிம் (மெல்லிய தகடு) வைத்தோ, ஹப்பில் வைத்தே கடைந்தோ சரிசெய்யலாம். ஒரு நாள் வேலை. புதுக் காலிபரும் புது மாஸ்டர் சிலிண்டரும் வாங்கி வாங்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

பின்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டியதில் வலது பக்கம் லொட்டு. பின்பக்க ஸ்பிண்டில் பேரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் போட வழியில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்மைக் கழற்றி, ஸ்பிண்டிலைப் பிரஸ்ஸில் தள்ளித்தான் திறக்க வேண்டும். அனுமதித்த ஆட்டம் 0.001 முதல் 0.008 அங்குலம். இங்கே 0.012. புதுப்பித்தவர்கள் ஆர்மைத் துடைத்துக் கறுப்புப் பூசி மாட்டிவிட்டார்கள், திறக்கவே இல்லை. இந்தப் பேரிங் இறுகினால் சக்கரமே கழன்று போகலாம் என்பதால், இதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ட்ரெய்லரில் ஏற்ற வேண்டும்.

எஞ்சின் எங்கே பிறந்திருந்தாலும் நல்ல எஞ்சின். சாலிட் லிஃப்டரின் டிக்டிக் கேட்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் வழவழவென்று ஓடினால்தான் 435 என்பதைச் சந்தேகிக்க வேண்டும், ஹைட்ராலிக் கேம் போட்டிருப்பார்கள். ஹெட் வார்ப்பு எண் 3904391, எல்71க்கு உரியதே. மூன்று கார்புரேட்டரில் சாதாரண ஓட்டத்துக்கு நடுவில் உள்ளது மட்டும் வேலை செய்யும். முன்னும் பின்னும் உள்ளவை வேகம் கூடும்போது வாக்குவம் இழுத்துத் திறக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றின் டயஃபிரத்தையும் கேஸ்கெட்டையும் காயவைத்துவிடும். பின் கார்புரேட்டரின் அடியில் பழுப்புக் கறை இருக்கிறது: பெட்ரோல் சொட்டிக் காய்ந்த தடம். சூடான மேனிஃபோல்டு, அதன் மேல் பெட்ரோல், சுற்றிலும் எரியக்கூடிய ஃபைபர்கிளாஸ். கேஸ்கெட் மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யாமல் இருப்பதே புத்தி. ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் வேண்டும், இல்லையென்றால் இந்தக் கேமின் முனைகள் தேயும்.

மின்சாரத்தில் சின்னச் சின்ன மர்மங்கள் வரும். இரும்புப் பாடியில் எங்கே திருகினாலும் எர்த். இங்கே பாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர். வலது டெயில் லைட் மங்கலாக எரிந்ததற்குக் காரணம் எர்த் முனையின் கீழ் அடித்திருந்த புதுப் பெயின்ட். சுரண்டியதும் பளிச். சுழன்று திறக்கும் ஹெட்லைட் இரண்டும் ஒரே வேகத்தில் எழுகின்றன.

துணிக்கூரையில் ஒன்றே ஒன்று. மடக்கும்போது பின்வளைவை டெக் மூடியிலிருந்து விடுவித்து மேலே தூக்கிய பிறகே சட்டத்தைப் பின்னால் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் துணி தையலோடு கிழியும். இங்கே அந்த மூலையில் ஏற்கெனவே ஒரு விரல்கடை பிரிந்திருக்கிறது.

விலை பேச்சு

கேட்கும் விலை எல்71க்கு உரியது. கையில் இருப்பது: பாடி, ஃபிரேம், கியர்பாக்ஸ் ஒன்றாய்ப் பிறந்த, பிறந்த எஞ்சின் எதுவென்று காகிதம் இல்லாத, மே மாத 427 பிளாக் ஏற்றிய ஏப்ரல் வண்டி. தொழிலில் இதற்குச் சுருக்கமாக 'ஒரிஜினல் அல்லாத எஞ்சின்' என்பார்கள். அடிப்படை 327 வண்டி ஒன்றுக்கு என்ன விலையோ அங்கிருந்து பேச்சைத் தொடங்கி, 427 எஞ்சினின் மதிப்பைக் கூட்டி, ஃபிரேம் வெல்டிங், பின் பேரிங் இரண்டு பக்கமும், முன் டிஸ்க், கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவற்றின் கூலியைக் கழிப்பதுதான் நேர்மையான கணக்கு. "435 என்றே வைத்துக்கொண்டு கொஞ்சம் குறைக்கிறேன்" என்று விற்பவர் சொன்னால், குறைக்கத் தொடங்கிய இடமே தப்பு.

புதுப்பித்த ரசீதுகள் ஒரு கட்டு இருந்தன: குரோம், சீட், கார்ப்பெட், பெயின்ட், துணிக்கூரை. ஃபிரேமுக்கும் டிரெய்லிங் ஆர்முக்கும் ஒரு தாள்கூட இல்லை. ரசீதுக் கட்டைப் படிக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விலை படிந்து வாங்குவதானால், விற்பனைப் பத்திரத்தில் எஞ்சின் வார்ப்பு எண்ணையும் வார்ப்புத் தேதியையும் எழுதி, இது வண்டியோடு வந்த எஞ்சின் அல்ல என்று ஒரு வரி சேர்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். வெள்ளைத்தாளை அந்தத் தளத்தின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படியெடுத்து, வார்ப்புத் தேதியின் படத்தோடு பத்திரத்தில் இணைத்துவிடலாம். நாளை இதே வண்டி கைமாறும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.